நாளையும் பத்திரிகை வருமா?

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் கடைசி வாரத்திலே கொழும்பிலிருந்து வெளிவரும் இரண்டு நாளிதழ்கள், 'தி ஐலண்ட்' என்னும் ஆங்கிலப் பத்திரிகையும் 'திவயின' என்னும் சிங்களப் பத்திரிகையும், தமது சனிக்கிழமைப் பதிப்பை அச்சிட இயலாமல் நின்றன. அச்சியந்திரம் பழுதடையவில்லை; தணிக்கை அதிகாரி குறுக்கே நிற்கவில்லை; தொழிலாளர் வேலைநிறுத்தமும் இல்லை. நாட்டிலே அந்நியச் செலாவணி இல்லை. ஆகவே கடதாசி இல்லை. அதே மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை, வினாத்தாள் அச்சிடக் கடதாசி கிடையாத காரணத்தாற் பிற்போடப்பட்டதை ஆசிரியர்களாகிய வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

பத்திரிகை வரவில்லை என்ற இச்செய்தியை நான் எவ்வாறு அறிந்தேன் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். கைத்தொலைபேசியின் மூலமே அறிந்தேன். பத்திரிகை நின்றது என்பதைச் சொல்வதற்குக்கூடப் பத்திரிகை தேவைப்படவில்லை. அன்று காலை எவரும் தெருமுனையிற் காத்து நின்றதாகவோ, கடைக்காரரோடு வாதாடியதாகவோ நான் கேள்விப்படவில்லை. இதனையே சிந்திக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஏனெனில், கடதாசிப் பஞ்சம் நமக்குப் புதியதன்று. 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையின் காலத்தில் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை, பத்திரிகைக் கடதாசியும் இல்லை. அப்பொழுதும் பத்திரிகைகள் வெளிவந்தன. பிள்ளைகளுக்குரிய கோடு போட்ட கொப்பித் தாளிலே செய்தி அச்சாகி வந்தது. நீலக் கோட்டின் மேல் கறுப்பு எழுத்து ஓடும். சில பக்கங்களிலே கோடு ஒருபுறமாகவும் எழுத்து மறுபுறமாகவும் செல்லும். ஒரு பிரதியை ஓர் ஒழுங்கையே வாசித்தது. வாசித்தபின் மடித்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தது. கடதாசி இல்லாமையாற் பத்திரிகை சாவதில்லை என்பதற்கு அதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை. வாசகன் காத்திருக்கும்வரை பத்திரிகை எப்படியோ வந்து சேரும். 2022இலே கடதாசி குறைந்ததைவிட, காத்திருப்போர் தொகை குறைந்ததே பெரிது.

எனவே, இன்றைய இளைஞர்கள் பத்திரிகை வாசிப்பதில்லை என்று முதியோர் குறைகூறுவதும், உங்கள் காலம் போய்விட்டது என்று இளைஞர் நகைப்பதும் ஆகிய இரண்டையும் ஒருபுறம் வைத்துவிட்டு, பத்திரிகை என்பது எதனால் உயிர்வாழ்ந்தது என்று முதலிற் கேட்போம்.

விற்பனைக் காசினாற் பத்திரிகை வாழவில்லை. இது தொழிலறிந்த எவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. வாசகன் கொடுத்த காசு பெரும்பாலும் கடதாசிக்கும் மையுக்கும் விநியோகத்துக்குமே போதாது. நிருபருக்கும் ஆசிரியருக்கும் ஒப்புநோக்குநருக்கும் சம்பளம் தந்தவர் விளம்பரதாரர். மேனாடுகளில் இவ்வத்திவாரத்தை இணையம் எவ்வளவு விரைவாகப் பெயர்த்தெடுத்தது என்பது அண்மைக்கால வரலாறு. 1995இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே 'கிரேக்ஸ்லிஸ்ட்' என்ற பெயரில் தொடங்கிய ஓர் எளிய அறிவித்தற் பலகை, வாடகை வீடு, பழைய தளபாடம், வேலை வாய்ப்பு ஆகிய சிறு விளம்பரங்களைப் பத்திரிகைகளிடமிருந்து இலவசமாகவே பறித்துக்கொண்டது. பின்னர் கூகிளும் முகநூலும் பெரிய விளம்பரங்களைக் கொண்டு சென்றன. 2009இலே 'கிறிஸ்டியன் சயன்ஸ் மொனிற்றர்' தன் நாளாந்த அச்சுப் பதிப்பை நிறுத்தியது; 2016இல் இலண்டன் 'இன்டிபென்டன்ட்' அச்சுலகைவிட்டு நீங்கியது.

இவற்றுள் என் மனத்தைத் தைத்தது வியன்னா நகரத்துச் செய்தி. 'வீனர் சைற்றுங்' என்ற பத்திரிகை அங்கே 1703இலே தொடங்கியது. நாம் ஈழத்தின் முதற் தமிழ்ப் பத்திரிகை என்று போற்றும் 'உதயதாரகை' யாழ்ப்பாணத்திலே தோன்றியது 1841இல். அதற்கு நூற்றுமுப்பத்தெட்டு ஆண்டு மூத்தது வியன்னாப் பத்திரிகை. நெப்போலியன் அந்நகரைப் பிடித்ததையும், பேரரசு வீழ்ந்ததையும் கண்ட அப்பத்திரிகை, 2023ஆம் ஆண்டு ஜூன் 30ஆந் திகதியோடு நாளாந்த அச்சுப் பதிப்பை நிறுத்திக்கொண்டு இணையத்துக்குப் போயிற்று. காரணம் என்ன? கம்பனிகள் தம் சட்டபூர்வ அறிவித்தல்களை அப்பத்திரிகையிலே கட்டணங் கொடுத்து வெளியிடவேண்டும் என்றிருந்த விதியைச் சட்டம் மாற்றிவிட்டது. அவ்வறிவித்தல்களை ஒருவரும் சுவைத்துப் படித்திருக்கமாட்டார்கள். ஆனாற் பத்திரிகையின் அடுப்பை எரித்த விறகு அதுதான்.

நமது தமிழ்ப் பத்திரிகைகளின் விறகு எது? விடை கூறுவதற்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் உண்மையை மறைப்பதிற் பயனில்லை. மரண அறிவித்தல்.

யாழ்ப்பாணத்து நாளிதழொன்றைக் கையிலெடுக்கும் முதியவர் முதலிற் புரட்டும் பக்கம் எதுவென்று கவனித்துப் பாருங்கள். தலையங்கமும் அன்று, வெளிநாட்டுச் செய்தியும் அன்று. சிறிய புகைப்படத்தோடு கூடிய அந்தக் கட்டங்களைத்தான் அவர் தேடுவார். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்டவர், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், பிள்ளைகளின் பெயர்கள், அடைப்புக்குறிக்குள் இலண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சூரிச். மருமக்கள், பெறாமக்கள், சம்பந்திகள், பேரப்பிள்ளைகள். பின்னர் கிரியை நடைபெறும் நேரமும் தகனம் நடைபெறும் மயானமும். நம் சமூகத்தின் புலப்பெயர்வு வரலாற்றை எழுத விரும்பும் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வேறெந்த ஆவணத்தையும் தேடவேண்டாம். ஐம்பது ஆண்டுக்கால மரண அறிவித்தல்களை ஒழுங்காக அடுக்கினாற் போதும். கோப்பாயிற் பிறந்தவரின் பிள்ளைகள் எந்த ஆண்டுமுதல் கொழும்பிலும், எந்த ஆண்டுமுதல் கனடாவிலும் வாழத் தொடங்கினர் என்பது அங்கே வரிவரியாகக் கிடக்கிறது. பெண்பிள்ளைகளின் உத்தியோகம் குறிப்பிடப்படத் தொடங்கியது எப்பொழுது, எந்தெந்த உறவுப் பெயர்கள் மெல்ல மறைந்தன என்பவற்றையும் அங்கே காணலாம்.

இந்த அறிவித்தல் செய்தியாக மட்டும் பயன்படவில்லை. அது ஒரு சமூகக் கடமை. பத்திரிகையிலே போட்டாயிற்று என்றால் ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று என்று பொருள். எங்களுக்குச் சொல்லவில்லையே என்று மனத்தாங்கல் கொள்ள எந்த உறவினருக்கும் இடமில்லை. இலங்கை வானொலியின் மரண அறிவித்தலும் இதே பணியைத் தான் செய்தது. இக்கடமைக்காக ஏழைக் குடும்பமும் கடன்பட்டுக் காசு கொடுத்தது. முப்பத்தோராம் நாளுக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் மீண்டும் கொடுத்தது. அந்தக் காசிலேதான் தலையங்கம் எழுதியவர் சோறுண்டார் என்று சொன்னால் அது அவமதிப்பாகாது.

இன்று அக்காசு வேறு வழியிலே செல்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களின் நண்பர்களும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். உயிர் பிரிந்து ஒரு மணித்தியாலத்துள் இணையத்தள அறிவித்தல் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாசிக்கப்படுகிறது. கட்டணம் பவுணிலும் டொலரிலும் செலுத்தப்படுகிறது. உள்ளூரிலோ முகநூலும் வட்ஸ்அப்பும் அந்த வேலையைச் செலவின்றிச் செய்கின்றன. சந்தியிலே கண்ணீர் அஞ்சலிப் பதாகை ஒன்றும் தொங்குகிறது. இம்மாற்றத்தை நான் குறைகூறவில்லை. விரைவாகவும் மலிவாகவும் செய்தி சேர்கிறது, நல்லதே. ஆனால் வியன்னாவிலே சட்டம் செய்ததை இங்கே தொலைபேசி செய்கிறது என்பதை நாம் உணர்ந்திருக்கிறோமா?

இனி, வாசகரே நேரடியாகப் பணங்கொடுத்து இணையத்திற் படிக்கலாமே என்பர் சிலர். 'நியூயோர்க் ரைம்ஸ்' 2011இல் இணைய வாசிப்புக்குக் கட்டணம் விதித்தபோது பலர் சிரித்தார்கள். 2023இலே அதன் சந்தாதாரர் தொகை ஒரு கோடியைத் தாண்டியது. இந்த உதாரணத்தை எடுத்துக் காட்டுவோர் இரண்டு விடயங்களை மறந்துவிடுகிறார்கள். உலகம் முழுவதும் பரந்த ஆங்கில வாசகர் கூட்டம் அதற்கு உண்டு. இலங்கையிலே தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் எல்லோரையும், தமிழர், முஸ்லிம்கள், மலையக மக்கள் அனைவரையும் சேர்த்தாலும், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 50 இலட்சமே. அவர்களுட் சந்தாக் கட்ட வல்லவர் எத்தனை பேர்? மற்றது, அந்த ஒரு கோடிப் பேருள்ளும் கணிசமானோர் குறுக்கெழுத்துப் போட்டிக்கும் சொல் விளையாட்டுக்கும் சமையற் குறிப்புக்குமாகச் சேர்ந்தவர்கள். அமெரிக்காவிலும் செய்தியைச் சுமப்பதற்குச் சமையலறையின் துணை வேண்டியிருக்கிறது!

சந்தா இல்லாவிடத்துப் பார்வையாளர் தொகையை நம்பியே இணையப் பத்திரிகை வாழவேண்டும். அதன் விளைவை நாள்தோறும் காண்கிறோம். 'யாழில் நடந்த பயங்கரம்', 'அதிர்ச்சியில் உறைந்த குடும்பம்' என்று தலைப்பிடுகிறார்கள்; உள்ளே சென்று பார்த்தால் எந்த ஊர், யார், எப்பொழுது என்பன ஒன்றும் இரா. ஒரு செய்தியை ஒரு தளம் எழுத, மற்றவை எழுத்துப் பிழையையும் விடாது பெயர்த்தெடுக்கின்றன. ஒப்புநோக்குநர் என்றொரு மனிதர் முன்னே அச்சகத்தில் இருந்தார். லகர ளகர பேதமும் ஒற்று மிகுதலும் அவருடைய காவலில் இருந்தன. தமிழ்ப் பாடத்திலே நாங்கள் திருத்தும் பிழைகளை மாணவர் எங்கே கற்றுக்கொள்கிறார் என்று ஆசிரியர்கள் ஆராய வேண்டியதில்லை. அந்தக் கதிரை வெறுமையாகி நெடுநாளாயிற்று.

எழுத்துப் பிழையாவது ஆளைக் கொல்லாது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கண்டி மாவட்டத்தின் திகன முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, அத்தீயை மூட்டிய பொய்களும் வெறுப்புரைகளும் பெரிதும் முகநூலின் வழியே பரவின. அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாள் முடக்கியது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நிறுவனம் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. ஈராண்டு கழித்து, கடல் கடந்து வந்த மன்னிப்பு! பத்திரிகைக்கு ஒரு முகவரி உண்டு. ஆசிரியர் என்று ஒரு மனிதர் உண்டு. வழக்குத் தொடுக்கலாம், வாசலிற் போய் நின்று கேட்கலாம். பத்திரிகையின் பொறுப்பு என்று நான் கருதுவது பெரும்பாலும் இந்த முகவரியைத்தான்.

ஆயினும் பத்திரிகைகளைத் தூய்மையின் உருவமாகக் காட்டுவது என் நோக்கமன்று. 2019ஆம் ஆண்டு மே மாதத்திலே, முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டு, இருண்ட மூலையிலுள்ள ஒரு முகநூற் பக்கத்திலே அன்று, ஒரு சிங்கள நாளிதழின் முதற்பக்கத்திலேயே வந்தது. அதற்குச் சான்றில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பின்னர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. நாமும் ஒரே நாளின் தமிழ்ப் பத்திரிகையையும் சிங்களப் பத்திரிகையையும் அருகருகே வைத்தால் இரண்டு வெவ்வேறு நாடுகளின் செய்தியோ என ஐயுறுவோம். இதில் நமது பக்கத்துக் குற்றம் இல்லை என்று நெஞ்சிற் கைவைத்துக் கூற என்னால் இயலாது.

இதற்குப் பரிகாரம் என்று கொண்டுவரப்பட்ட 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவின் கையிற் கொடுக்கிறது. நோயினும் மருந்து கொடிதாகலாம். பத்திரிகையாளர் இந்நாட்டிலே எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதை அறிந்தோர் அச்சப்படுவது இயல்பு. 2000ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2006ஆம் ஆண்டு மே 2ஆந் திகதி 'உதயன்' அலுவலகத்துள் ஆயுதபாணிகள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக்கொன்றனர். மறுநாள் உலக பத்திரிகைச் சுதந்திர தினம். அன்றும் பத்திரிகை வந்தது.

இலக்கிய அன்பர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பர்: பத்திரிகை போனால் இலக்கியம் என்னாகும்? நமது நவீன இலக்கியம் பத்திரிகையின் மடியிலே வளர்ந்த பிள்ளை. சுன்னாகத்திலிருந்து நா. பொன்னையா 1930 முதல் நடத்திய 'ஈழகேசரி' இல்லையேல் நமது சிறுகதை வரலாற்றின் முதல் அதிகாரம் வேறுவிதமாக இருந்திருக்கும். 1959 முதல் 1961 வரை கைலாசபதி 'தினகரன்' ஆசிரியராயிருந்த குறுகிய காலத்தில் அப்பத்திரிகை ஓர் இலக்கிய இயக்கத்துக்கே களமாயிற்று. இளங்கீரனின் 'நீதியே நீ கேள்' அங்கே தொடராக வந்தது. ஆசிரியர் என்பவர் ஏற்றுக்கொள்பவர் மாத்திரம் அல்லர், திருப்பி அனுப்புபவருமாவார். திருப்பி அனுப்பப்பட்ட கதையை மறுபடி எழுதியே பலர் எழுத்தாளராயினர். முகநூலிலே கவிதை எழுதும் இளைஞருக்கு விருப்பக்குறிகள் உடனே கிடைக்கின்றன. திருப்பி அனுப்ப எவரும் இல்லை. இது ஒரு நட்டம். ஆனால் மறுபக்கமும் உண்டு. வன்னியிலோ நுவரெலியாத் தோட்டமொன்றிலோ இருக்கும் ஒரு பெண், கொழும்பிலே தெரிந்தவர் எவருமின்றித் தன் எழுத்தை இன்று உலகறியச் செய்யலாம். பழைய ஆசிரியர்களின் மேசையில் எத்தனை பெண்களின் கதைகள் உறைபிரிக்கப்படாமலே கிடந்தனவோ!

பழைய இதழ்களைப் பாதுகாத்தலிலே இணையத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கிய அழிவிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது. நூலும் பத்திரிகையும் ஒரே நெருப்பிலே போயின. 2005இலே தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம், வீடுகளின் பரண்களில் எஞ்சிக் கிடந்த இதழ்களையெல்லாம் தேடிப் படியெடுத்து எவரும் வாசிக்க வைத்திருக்கிறது. கடதாசி எரிந்தபின் கடதாசியைக் காப்பாற்றியது கணினியே. இருந்தும், கணினியிலே பிறந்த செய்தியைக் காப்பது யார் என்ற ஐயம் எனக்குண்டு. அச்சிட்ட பத்திரிகையின் பிரதி தேசிய சுவடிக்கூடத்துக்குச் செல்கிறது. இணையத்தளமோ ஆண்டுக் கட்டணம் செலுத்தாத அன்றே மறைகிறது. போரின் இறுதிக் காலத்திலே இயங்கிய தமிழ்த் தளங்களுட் பல இன்று திறப்பதில்லை. கொப்பித் தாளிலே வந்த பத்திரிகையோ இன்றும் சில வீடுகளில் இருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் மேலாக என்னைக் கவலைப்படுத்துவது பிரதேச நிருபரின் நிலை. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்திலே காலையிலிருந்து மாலைவரை அமர்ந்திருப்பவர் அவர்; பிரதேச சபைக் கூட்டத்திலே குப்பை அகற்றும் குத்தகை யாருக்குப் போயிற்று என்று குறித்துக்கொள்பவர் அவர். நிரந்தரச் சம்பளம் இல்லை. வெளியான செய்திக்கேற்ற சிறுதொகையே கிடைக்கும். மோட்டார்ச் சைக்கிளுக்குப் பெற்றோல் அவருடையது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சியிலே காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். முதல் நாள் எல்லோரும் வந்து படம் எடுத்தார்கள். நூறாவது நாளும், ஐந்நூறாவது நாளும், ஆயிரமாவது நாளும் சென்று எழுதியவர்கள் பெரும்பாலும் இந்த நிருபர்களே. எத்தனை பெற்றோர் விடை காணாமலே இறந்தார்கள் என்ற கணக்கும் அவர்களின் செய்திகளிலேயே இருக்கிறது. முகநூலிலே அதனைப் பகிர்ந்தவர்கள் பல்லாயிரவர். ஆயினும் முதலில் ஒருவர் போயிருந்தபடியாற்றான் பகிர்வதற்கு ஏதேனும் இருந்தது. செயற்கை நுண்ணறிவு இன்று செய்தி எழுதும் என்கிறார்கள். எழுதட்டும். அது முல்லைத்தீவு நீதிமன்ற வாங்கிலே போய் உட்காருமா?

ஆகவே, கடதாசி பிழைக்குமா என்று கேட்பதைக் காட்டிலும், இந்த நிருபருக்கு நாளை யார் படியளப்பார் என்று கேட்பதே பொருத்தம். நாளிதழ் மெலியும், வார இதழ் சற்று நீண்ட நாள் நிலைக்கும் என்பது என் கணிப்பு. அவசரச் செய்தியைத் தொலைபேசிக்கு விட்டுவிட்டு, ஆறுதலாகப் படிக்கத்தக்கவற்றை வாரம் ஒருமுறை தரும் ஏட்டுக்கு வாசகர் இருப்பர். புலம்பெயர்ந்தோர் கோயிற் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கு ஒரு நிருபரின் ஆண்டுச் சம்பளத்துக்குப் போதும். இதனைச் சொன்னபோது வெளிநாட்டு நண்பர் ஒருவர், கோபுரத்தைப் படம் பிடிக்கலாம், நிருபரை என்ன செய்வது என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார் என்று நம்புகிறேன்.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலையில் முன்னர் நான்கு நாளிதழ்கள் வாங்கினோம். விலை ஏற ஏற மூன்றாகி, இப்பொழுது இரண்டாயிற்று. காலையில் ஐந்தாறு முதியவர்கள் வருகிறார்கள். மாலையில் வரும் பையன்கள் பத்திரிகையை விரிப்பது வேலைவாய்ப்புப் பக்கத்தைத் தொலைபேசியிலே படம் பிடித்துக்கொள்வதற்காக. வருகிற நிர்வாகசபைக் கூட்டத்தில் இரண்டிலொன்றை நிறுத்திவிட்டு அந்தப் பணத்துக்கு இணைய இணைப்பு எடுப்பது பற்றித் தீர்மானம் ஒன்று வருகிறது. இணைப்பு வேண்டும் என்பதை நான் எதிர்க்கப்போவதில்லை. பிள்ளைகளுக்கு அது அவசியம். அதற்கு வேறு வழியிற் பணந்தேடுவோம், பத்திரிகையில் வெட்டவேண்டாம் என்று ஒரு திருத்தம் எழுதி வைத்திருக்கிறேன். வழிமொழிவதற்கு இதுவரை ஒருவர் அகப்பட்டிருக்கிறார்.